சம்பள வரம்பு முட்டிய பிறகும் கோப்பை அணியை வலுப்படுத்துவது எப்படி: என்.பி.ஏ. முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், 2025 மே மாதம் டென்வர் நகெட்ஸ் அணி, ஓக்லஹோமா சிட்டி தண்டரிடம் பிளேஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்று) தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. அடுத்த சீசனுக்கு அவர்கள் கொடுக்க வேண்டியிருந்த சம்பளம் இது: நிகோலா யோகிச்சுக்கு 5.52 கோடி டாலர், ஜமால் மர்ரேவுக்கு 4.64 கோடி, மைக்கேல் போர்ட்டர் ஜூனியருக்கு 3.83 கோடி, ஏரன் கோர்டனுக்கு 2.28 கோடி. நான்கு பேருக்கே 16.27 கோடி. ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் அறிவித்த வரம்போ 15.46 கோடிதான். அணியில் குறைந்தது 14 பேர் இருக்க வேண்டும், அதாவது இன்னும் பத்துப் பேருக்குச் சம்பளம் வேண்டும்.

கோப்பைக்கு அருகில் நிற்கும் ஏறக்குறைய எல்லா அணிகளுக்கும் நிலைமை இதுதான். நல்ல வீரர்கள் இருப்பதால் செலவு அதிகம், செலவு அதிகம் என்பதால் நல்ல வீரர்களைச் சேர்க்கும் வழிகள் குறைவு. இருந்தும் அந்தக் கோடையில் டென்வர் முந்தைய ஆண்டைவிட ஆழமான பெஞ்சோடு, அதாவது வலுவான மாற்று வீரர்களோடு, வெளியே வந்தது. அவர்கள் பயன்படுத்திய கருவிகள் எல்லா அணிகளுக்கும் கிடைப்பவைதான். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசையை அவர்கள் சரியாகப் பிடித்தார்கள். லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2023 கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த வரிசைதான் அணி மேலாளரின் முதல் திறமை. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

படி 1: நான்கு கோடுகளையும் அவை பறிக்கும் கருவிகளையும் எழுதி வையுங்கள்

2025-26 சீசனின் எண்கள்: சம்பள வரம்பு 15.46 கோடி டாலர், ஆடம்பர வரிக் கோடு 18.79 கோடி, முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. சொந்த வீரரைத் தக்கவைக்கவும் விதிவிலக்குகளைப் பயன்படுத்தவும் சம்பள வரம்பைத் தாண்டலாம் என்பதால், போட்டி அணி அந்த முதல் எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மீதி மூன்றும்தான் அன்றாடம் பார்க்க வேண்டியவை. ஏப்ரன் என்பது வரிக் கோட்டுக்கும் மேலே உள்ள கட்டுப்பாட்டுக் கோடு. வரி முதலாளியின் பையைத் தொடும், ஏப்ரன் மேலாளரின் கையைக் கட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் ஏப்ரனுக்கு மேலே போனால் இவை கிடைக்காது: 1.41 கோடி டாலர் மதிப்புள்ள முழு மிட்-லெவல் விதிவிலக்கு (வரம்பைத் தாண்டிய பிறகும் சந்தையில் வீரரைச் சேர்க்க உதவும் தொகை), 51.34 லட்சம் டாலர் மதிப்புள்ள இரண்டாண்டுக்கொரு முறை விதிவிலக்கு, சைன்-அண்ட்-ட்ரேடு (பழைய அணி புது ஒப்பந்தம் போட்டு உடனே வேறு அணிக்கு அனுப்புவது) மூலம் ஒருவரைப் பெறுவது, ட்ரேடில் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதில்) அனுப்புவதைவிட அதிகச் சம்பளம் வாங்குவது, போன ஆண்டு கிடைத்த ட்ரேடு விதிவிலக்கை (அனுப்பியதைவிடக் குறைவாக வாங்கியதால் மிஞ்சிய சம்பள இடத்தை) செலவழிப்பது. சீசன் நடுவில் பைஅவுட் ஆன (அணியோடு பேசி ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப்பட்ட) வீரர் முழு மிட்-லெவல் தொகையைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தால் அவரையும் எடுக்க முடியாது.

இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இன்னும் கடுமை. 56.85 லட்சம் டாலர் மதிப்புள்ள சிறிய மிட்-லெவலும் போய்விடும். இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. ட்ரேடில் பணம் அனுப்ப முடியாது. சீசன் முடிவில் அந்தக் கோட்டுக்கு மேலே நின்றால், ஏழு ஆண்டு தள்ளி வரும் முதல் சுற்று டிராஃப்ட் உரிமை (புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில் அணிக்கு உள்ள இடம்) உறைந்துவிடும், அதை ட்ரேடில் கொடுக்க முடியாது. 2024-25 முடிவில் செல்டிக்ஸ், சன்ஸ், டிம்பர்வுல்வ்ஸ் ஆகிய மூன்று அணிகளின் 2032 உரிமை இப்படித்தான் உறைந்தது. அடுத்த நான்கு சீசன்களில் இரண்டு முறை மீண்டும் மேலே நின்றால், அந்த உரிமை முதல் சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். இந்தக் கருவிகளில் ஒன்றைப் பயன்படுத்திவிட்டால், அது எந்த ஏப்ரனுக்கு உரியதோ அந்தக் கோடு ஜூன் 30 வரை உங்களுக்குத் தாண்ட முடியாத சுவராகிவிடும். இதைத்தான் ஹார்டு கேப் என்கிறார்கள். மார்ச்சில் மூன்று பேர் காயமடைந்து படுத்தாலும் ஒரு டாலர்கூடத் தாண்ட முடியாது.

கணக்குப் போடும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, போனஸ். வீரர் எட்டுவது சந்தேகம் என்று வகைப்படுத்தப்பட்ட போனஸ் சம்பள வரம்புக் கணக்கில் வராது, ஏப்ரன் கணக்கில் முழுசாக வரும். இரண்டு, டிராஃப்ட் ஆகாமல் வந்த புதுமுகத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 12.73 லட்சம் கொடுத்தாலும், வரிக் கணக்கில் அவர் இரண்டாண்டு அனுபவ வீரரின் 22.96 லட்சமாகவே பதிவாவார். நீங்களே டிராஃப்ட் செய்த இரண்டாம் சுற்று வீரர் உண்மைச் சம்பளத்திலேயே பதிவாவார். அணியில் ஓர் இருக்கைக்கு, அதாவது ஒரு வீரர் இடத்துக்கு, சுமார் 10 லட்சம் டாலர் வித்தியாசம், கோட்டுக்கு அருகில் நிற்பவருக்கு இது பெரிய தொகை. மூன்று, இடைவெளி. சுவரை ஒட்டி நிற்காதீர்கள். சீசன் தொடக்கத்தில் குறைந்தது ஒரு மினிமம் (குறைந்தபட்சச் சம்பள) ஒப்பந்தத்துக்கான 23 லட்சத்தைக் கீழே விட்டு வையுங்கள்.

படி 2: எதை வாங்க வேண்டும் என்று 240 நிமிடக் கணக்கில் பாருங்கள்

ஓர் ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக மொத்தம் 240 நிமிடம். பிளேஆஃபில் முதல் ஐந்து பேர் ஆளுக்கு 36 நிமிடம் ஆடினால் 180 போய்விடும். மீதி 60 நிமிடம். அதை மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர் பகிர்ந்துகொள்வார்கள். போட்டி அணி கோடையில் தேட வேண்டியது இந்த 60 நிமிடத்தைத்தான். புகழ்பெற்ற நான்காவது நட்சத்திரத்தைத் தேடுவதில் பணமும் கருவியும் வீணாகும்.

அந்த 60 நிமிடத்தையும் பிரித்து எழுதுங்கள். நட்சத்திர சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமான வீரர்) ஓய்வெடுக்கும் 10, 12 நிமிடம் யார் கூடையைக் காப்பது? எதிரணியின் முதன்மைக் கார்டை (பந்தை நடத்திச் செல்பவரை) யார் தடுப்பது? மூலையில் நின்று மூன்று புள்ளி எறிபவர் யார்? டென்வரின் பழைய நோய் இதில் முதலாவது: யோகிச் பெஞ்சுக்குப் போனதும் முன்னிலை கரைந்துவிடும். ஆகவே அவர்களின் பட்டியலில் மாற்று சென்டர்தான் முதலில் இருந்திருக்க வேண்டும், பல ஆண்டுகள் அப்படி இல்லை என்பதுதான் பிரச்சினை.

ஒரே வேலையை மட்டும் செய்யத் தெரிந்தவர் பிளேஆஃபில் நிற்க மாட்டார். எறியத் தெரிந்து தடுக்கத் தெரியாதவரை எதிரணி ஒவ்வொரு முறையும் தேடிப் பிடித்துத் தாக்கும். தடுக்கத் தெரிந்து எறியத் தெரியாதவரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு நட்சத்திரத்தைச் சூழ்ந்துகொள்ளும். மலிவு விலையில் இரண்டும் முழுமையாகக் கிடைக்காது. இரண்டிலும் நடுத்தரமாக இருப்பவரை எடுங்கள். ஒன்றில் அபாரம், மற்றதில் பூஜ்யம் என்பவரைவிட இவர் மேல்.

படி 3: முதலில் இறங்குங்கள், பிறகு வாங்குங்கள்

2025 கோடையில் டென்வர் செய்த முதல் வேலை, போர்ட்டரையும் எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லாத 2032 முதல் சுற்று உரிமையையும் ப்ரூக்ளின் நெட்ஸுக்குக் கொடுத்து, கேமரன் ஜான்சனை வாங்கியது. இருவரும் உயரமான விங் (பக்கவாட்டில் ஆடுபவர்), இருவரும் நல்ல எறியாளர். சம்பளத்தில் மட்டும் சுமார் 1.7 கோடி டாலர் வித்தியாசம்.

அந்த இடம் கிடைத்த பிறகுதான் மற்றவை நடந்தன. டாரியோ சாரிச்சை சாக்ரமென்டோவுக்கு அனுப்பி யோனாஸ் வலன்சியுனாஸை வாங்கினார்கள். சாரிச்சின் சம்பளம் 54 லட்சம், வலன்சியுனாஸின் சம்பளம் 1.04 கோடி. ஏறக்குறைய இரண்டு மடங்கு. போர்ட்டரின் சம்பளம் அணியின் கணக்குப் புத்தகத்தில் இருந்திருந்தால் இந்த ட்ரேடு முதல் ஏப்ரனில் முட்டி நின்றிருக்கும். ப்ரூஸ் ப்ரவுனும் டிம் ஹார்டவே ஜூனியரும் மினிமம் ஒப்பந்தத்தில் வந்தார்கள். ஒரே ட்ரேடு திறந்த வழியில் மாற்று சென்டர், கார்டு, எறியாளர் என மூன்று ஓட்டைகள் அடைபட்டன.

2032 உரிமை சின்ன விலையல்ல. சந்தையில் பெரிய அளவில் சம்பள இடம் வைத்திருந்தது நெட்ஸ் மட்டும்தான், அதனால் அவர்களால் அந்த விலையைக் கேட்க முடிந்தது. யோகிச் உச்சத்தில் இருக்கும்வரை ஏழு ஆண்டுக்குப் பிந்தைய உரிமையை அடகு வைப்பது சரியான முடிவு என்பதே எங்கள் கருத்து. நட்சத்திரத்தின் நல்ல ஆண்டுகள் திரும்பி வராது. ஆனால் கொடுப்பதற்கு முன் ஸ்டெப்பியன் விதியைச் சரிபாருங்கள்: எதிர்காலத்தில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் முதல் சுற்று உரிமை இல்லாமல் எந்த அணியும் நிற்கக் கூடாது. ஒன்றைக் கொடுத்தால் அதன் இரு பக்கத்து ஆண்டுகளும் பூட்டிக்கொள்ளும். அந்த ஆண்டுகளுக்கு, உரிமையை மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் மட்டுமே கொடுக்க முடியும்.

இறங்குவதற்கு இன்னொரு வழி, வீரரோடு பேசி முதலாண்டுச் சம்பளத்தைக் குறைப்பது. 2025 ஜூனில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் ஃப்ரெட் வான்விலீட்டின் 4.49 கோடி டாலர் டீம் ஆப்ஷனை (ஒப்பந்தத்தை இன்னோர் ஆண்டு தொடர அணிக்கு இருக்கும் உரிமையை) நிராகரித்து, இரண்டு ஆண்டுக்கு 5 கோடி என்று புதிதாகக் கையெழுத்திட்டது. அந்த ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 2 கோடி இறங்கியது. கெவின் டுரான்ட்டை ட்ரேடில் எடுத்த அதே கோடையில் டோரியன் ஃபின்னி-ஸ்மித்தையும் சேர்க்க முடிந்ததற்கு அதுதான் காரணம். வீரருக்கு இரண்டாவது ஆண்டுக்கும் உத்தரவாதம், அணிக்கு இந்த ஆண்டு இடம். இந்த மாதிரி இருவருக்கும் லாபமான பேரத்தை ஆப்ஷன் தேதிக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

படி 4: ட்ரேடில் சம்பளத்தை எடை போடுவது

முதல் ஏப்ரனுக்குக் கீழே முடிக்கும் அணி, அனுப்புவதைவிட அதிகம் வாங்கலாம். சிறிய சம்பளத்துக்கு இரண்டு மடங்கும் அதற்கு மேல் 2.5 லட்சமும், நடுத்தரச் சம்பளத்துக்கு 75 லட்சம் கூடுதல், பெரிய சம்பளத்துக்கு 125 சதவீதமும் 2.5 லட்சமும். நடுத்தர அளவுக்கான அந்த 75 லட்சம் 2023-24 கணக்கு, சம்பள வரம்பு உயர உயர அதுவும் வளர்கிறது. ஏப்ரனுக்கு மேலே இருப்பவர் அனுப்பிய அளவுக்கு மேல் ஒரு டாலர்கூட வாங்க முடியாது.

2024 ஜூலையில் நியூயார்க் நிக்ஸ் செய்த மிக்கேல் பிரிட்ஜஸ் ட்ரேடை அருகில் வைத்துப் பார்க்கலாம். பிரிட்ஜஸின் சம்பளம் 2.33 கோடி. நிக்ஸ் அனுப்பிய முக்கிய சம்பளம் போயான் போக்டானோவிச்சின் 1.90 கோடி. இதை மட்டும் அனுப்பியிருந்தால் விதிப்படி ட்ரேடு செல்லும், ஆனால் அதிகம் வாங்கியதற்காக முதல் ஏப்ரனில், அந்த ஆண்டு 17.81 கோடியில், சுவர் எழுந்திருக்கும். நிக்ஸ் என்ன செய்தது? சுமார் 23 லட்சம் வாங்கும் மமாடி டியகிட்டேயைச் சேர்த்தது. ஷேக் மில்டனுக்குச் சுமார் 29 லட்சத்தில் சைன்-அண்ட்-ட்ரேடு ஒப்பந்தம் போட்டு அவரையும் சேர்த்தது. மொத்தம் 2.42 கோடி. இப்போது அனுப்புவது வாங்குவதைவிட அதிகம். சம்பளங்களைக் கூட்டியதற்காக இரண்டாம் ஏப்ரனில், 18.89 கோடியில், சுவர் வந்தது. இரண்டு சிறிய ஒப்பந்தங்களால் 1.08 கோடி டாலர் மூச்சு இடம் கிடைத்தது. அந்த அக்டோபரில் கார்ல்-ஆந்தனி டவுன்ஸை எடுக்க முடிந்ததற்கு இந்த இடம்தான் அடித்தளம்.

சைன்-அண்ட்-ட்ரேடு ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டு இருக்க வேண்டும், ஆனால் முதல் ஆண்டுக்கு மட்டும் உத்தரவாதம் போதும். எனவே வாங்கும் அணிக்கு நீண்ட காலச் சுமை இல்லை. சொந்தமாக உரிமை வைத்திருக்கும் பழைய வீரர்களை லேசில் கைவிடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். அவர்கள் களத்தில் ஆடாவிட்டாலும் தராசில் எடைக்கல்லாகப் பயன்படுவார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி: 1 கோடியிலிருந்து 2 கோடி வரையிலான ஒப்பந்தங்கள் குறைந்தது இரண்டு, புத்தகத்தில் எப்போதும் இருக்கட்டும். மூன்று மாபெரும் சம்பளம், மீதி எல்லாம் மினிமம் என்று அணியைக் கட்டினால் ட்ரேடு செய்யச் சரக்கே இருக்காது. 2024-25 ஃபீனிக்ஸ் சன்ஸ் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. டுரான்ட், பீல், புக்கர் மூவருக்கும் ஆளுக்குச் சுமார் 5 கோடி. இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருந்ததால் யாரோடும் யாரையும் கூட்ட முடியாது. பீலிடம் ட்ரேடை மறுக்கும் உரிமை வேறு. அந்த அணி 36 வெற்றி, 46 தோல்வியோடு பிளேஆஃபுக்கே போகவில்லை.

இரண்டாம் ஏப்ரனுக்கு மேலேயே நிற்கிறீர்களா? ஒருவருக்கு ஒருவர், அதுவும் சம்பளம் சமமாகவோ குறைவாகவோ வரும்படி மட்டும் தேடுங்கள். 2025 கோடையில் க்ளீவ்லாண்ட் கேவலியர்ஸ் ஐசக் ஒகோரோவைக் கொடுத்து லான்சோ பாலை வாங்கியது இந்த வகை.

படி 5: சொந்த வீரர்களின் கடிகாரம்

சந்தையில் உங்களுக்குக் கிடைக்காத விலையில், சொந்த வீரரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரே அணியில், அல்லது ட்ரேடு வழியாக ஒப்பந்தம் அறுபடாமல், மூன்று சீசன் ஆடியவருக்கு முழு பேர்ட் உரிமை: உச்ச சம்பளம் வரை கொடுக்கலாம். இரண்டு சீசன் என்றால் எர்லி பேர்ட்: பழைய சம்பளத்தின் 175 சதவீதம் அல்லது லீக் சராசரியின் 105 சதவீதம், எது அதிகமோ அது. ஒரே சீசன் என்றால் 120 சதவீதம்தான்.

இந்தக் கடிகாரத்தைக் கவனிக்காததன் விலையை இரண்டு அணிகள் கொடுத்தன. ஐசாயா ஹார்ட்டன்ஸ்டைன் 2024 கோடையில் நிக்ஸில் இரண்டு சீசன் முடித்திருந்தார். எர்லி பேர்ட் கணக்கில் நிக்ஸ் கொடுக்க முடிந்தது நான்கு ஆண்டுக்குச் சுமார் 7.25 கோடி. ஓக்லஹோமா சிட்டி மூன்று ஆண்டுக்கு 8.7 கோடி கொடுத்தது. அவர் போனார், அடுத்த ஜூனில் சாம்பியன் ஆனார். இரண்டாவது கதை ப்ரூஸ் ப்ரவுனுடையது, அது அடுத்த படியில் வரும்.

ஆகவே ட்ரேடில் ஒருவரை வாங்கும்போது அவர் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதோடு, முடியும்போது எந்த உரிமை உங்கள் கையில் இருக்கும் என்பதையும் பாருங்கள். பேர்ட் உரிமை ட்ரேடில் கூடவே வரும். சந்தையில் கையெழுத்திட்டு வந்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

பெஞ்ச் வீரரின் ஒப்பந்தத்தை அவர் வெடித்துக் கிளம்புவதற்கு முன்பே நீட்டிப்பது இன்னும் லாபம். பாஸ்டன் 2023 அக்டோபரில் பேட்டன் ப்ரிட்சர்டுக்கு நான்கு ஆண்டுக்கு 3 கோடி கொடுத்தது. 2024-25இல் அவர் சிறந்த ஆறாவது வீரர் விருது வாங்கினார். ஜேலன் ப்ரன்சன் 2024 ஜூலையில் நான்கு ஆண்டுக்கு 15.65 கோடி டாலருக்கு நிக்ஸோடு ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஓராண்டு காத்திருந்தால் ஐந்து ஆண்டுக்கு 26.9 கோடி வரை கிடைத்திருக்கும். எந்த வீரரிடமும் இதைக் கடமையாகக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. பாதுகாப்பை முன்கூட்டியே கொடுத்தால், விலை குறைவதற்கு வாய்ப்பு உண்டு என்பது மட்டும்தான் பாடம்.

படி 6: சிறிய மிட்-லெவலை வீணாக்காமல் செலவழிப்பது

முதல் ஏப்ரனுக்கு மேலே, இரண்டாம் ஏப்ரனுக்குக் கீழே நிற்கும் அணியின் ஒரே உண்மையான சந்தைப் பணம் இந்த 56.85 லட்சம்தான். ஆண்டுக்கு ஒரு முறை. இதில் டென்வர் இரண்டு முறை ஒரே விதமாகக் கை சுட்டுக்கொண்டது.

2022இல் ப்ரவுனுக்குச் சுமார் 65 லட்சம், இரண்டாம் ஆண்டு தொடர்வது வீரரின் விருப்பம் (வீரர் ஆப்ஷன்). அவர் அருமையாக ஆடினார், டென்வர் 2023 கோப்பையை வென்றது. ஆப்ஷனை மறுத்து வெளியேறினார். ஒரே சீசன் உரிமை என்பதால் டென்வர் கொடுக்க முடிந்தது 120 சதவீதம், அதாவது சுமார் 78 லட்சம். இண்டியானா இரண்டு ஆண்டுக்கு 4.5 கோடி கொடுத்தது. 2024இல் சாரிச்சுக்கு அதே விதிவிலக்கு, அதே வீரர் ஆப்ஷன். அவர் அணியில் இடம் பிடிக்கவே இல்லை. ஆப்ஷனை எடுத்துக்கொண்டார், 54 லட்சம் அடுத்த ஆண்டுப் புத்தகத்திலும் உட்கார்ந்தது.

வீரர் ஆப்ஷன் கொடுத்தால் நன்றாக ஆடுபவர் போவார், ஆடாதவர் இருப்பார். இரண்டு பக்கமும் நஷ்டம் அணிக்கே. முடிந்தவரை இரண்டு ஆண்டும் உறுதியாகக் கொடுங்கள், அல்லது இரண்டாம் ஆண்டை டீம் ஆப்ஷனாக வையுங்கள். இரண்டு சீசன் முடிந்தால் எர்லி பேர்ட் உரிமை கையில் வரும். வேறு வழியே இல்லாமல் வீரர் ஆப்ஷன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அது கோப்பை ஆண்டு என்று தெரிந்து கொடுங்கள். ப்ரவுனுக்குக் கொடுத்தது அந்த ஒரு கணக்கில் நியாயமானது. சாரிச்சுக்குக் கொடுத்ததற்கு அந்த நியாயமும் இல்லை. முப்பது வயதைத் தாண்டிய, கால் வேகம் குறைந்த ஒருவருக்கு இரண்டாம் ஆண்டின் முடிவைக் கொடுத்திருக்கக் கூடாது.

படி 7: மினிமம் சந்தை

மினிமம் ஒப்பந்தம் இரண்டாம் ஏப்ரனுக்கு மேலேயும் கிடைக்கும், எத்தனை பேரை வேண்டுமானாலும் எடுக்கலாம். இதில் லீக் ஒரு சலுகை தருகிறது. ஓராண்டு மினிமம் ஒப்பந்தம் என்றால், வீரரின் அனுபவம் எவ்வளவாக இருந்தாலும் அணிக் கணக்கில் இரண்டாண்டு அனுபவத் தொகையான 22.96 லட்சம்தான் ஏறும். பத்தாண்டுக்கு மேல் ஆடிய ஹார்டவேயின் மினிமம் 36.34 லட்சம். வித்தியாசமான சுமார் 13.4 லட்சத்தை லீக் கொடுக்கும். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டால் இந்தச் சலுகை கிடையாது. அனுபவசாலிகளுக்கு ஓராண்டு மட்டும் போடுவது ஏன் என்று இப்போது புரியும்.

நல்லவர் மினிமத்துக்கு ஏன் வருகிறார்? சம்பள இடம் வைத்திருக்கும் அணிகள் வற்றிவிட்டன. முந்தைய சீசனில் 2.3 கோடி வாங்கிய ப்ரவுனே 2025இல் மினிமத்துக்கு வந்தார். ஆகவே ஜூலை முதல் வாரத்திலேயே எல்லா இருக்கையையும் நிரப்பிவிடாதீர்கள். இரண்டு இருக்கையையாவது காலியாக வைத்து, இரண்டாம் வாரம் வரை பொறுங்கள். பணம் தீர்ந்த சந்தையில் நீங்கள் விற்பது நிமிடங்கள்: "இந்த இடத்தில் இத்தனை நிமிடம் ஆடுவீர்கள், இந்த நட்சத்திரம் உங்களுக்குப் பந்து தருவார்" என்பதைப் பயிற்சியாளரே சொல்ல வேண்டும்.

கோடையில் பைஅவுட் ஆனவர்களைத் தனியாகக் கவனியுங்கள். முதல் படியில் சொன்ன பைஅவுட் தடை சீசன் நடுவில் விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டும். யூட்டாவிடமிருந்து 2025 கோடையில் வெளியேறிய ஜோர்டன் கிளார்க்சனின் பழைய சம்பளம் சுமார் 1.43 கோடி, முழு மிட்-லெவலைவிடச் சற்று அதிகம். கோடை என்பதால் நிக்ஸ் அவரை மினிமத்தில் எடுக்க முடிந்தது.

படி 8: டிராஃப்ட்டும் டூ-வேயும்

எல்லாக் கருவிகளிலும் மலிவானது இதுதான். கோப்பை அணிகள் இதைக் கடைசியில் நினைப்பது வருத்தமாக இருக்கிறது. ஓர் அணிக்கு மூன்று டூ-வே இருக்கைகள் (முதன்மை அணிக்கும் கீழ்நிலை லீக் அணிக்கும் மாறி மாறி ஆடுபவர்களுக்கு). சம்பளம் புதுமுக மினிமத்தில் பாதி, சம்பள வரம்புக் கணக்கில் ஏறாது, 50 ஆட்டம் வரை முதன்மை அணியோடு இருக்கலாம். லூ டார்ட் 2019இல் யாரும் டிராஃப்ட் செய்யாமல் டூ-வேயில் தண்டருக்கு வந்தவர். ஏரன் விக்கின்ஸ் 2021இல் 55ஆவது தேர்வு, அவரும் டூ-வேயில் தொடங்கினார். 2025 கோப்பையில் இருவரின் கையும் உண்டு. ஆஸ்டின் ரீவ்ஸும் சாம் ஹவுசரும் அதே வாசல் வழியாக வந்தவர்களே.

2023 முதல் இரண்டாம் சுற்றுத் தேர்வுக்குத் தனி விதிவிலக்கு இருக்கிறது. மிட்-லெவலைத் தொடாமலே மூன்று அல்லது நான்கு ஆண்டு ஒப்பந்தம் போடலாம், கடைசி ஆண்டு டீம் ஆப்ஷன். வரிக் கணக்கில் மிச்சமாகும் அந்த 10 லட்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாம் சுற்று உரிமைகளை ட்ரேடில் சில்லறை போல இறைக்கும் பழக்கத்தை விட வேண்டும். எடுக்கும்போது மூன்று நான்கு ஆண்டு கல்லூரியில் ஆடி, தடுக்கவும் எறியவும் ஏற்கெனவே கற்ற 22, 23 வயதுக்காரர்களைப் பாருங்கள். 19 வயதுத் திறமை முதிர்வதற்குள் உங்கள் நட்சத்திரத்துக்கு வயதாகிவிடும்.

படி 9: ஸ்ட்ரெட்ச், கடைசிக் கதவு

ஒருவரை விடுவித்து, மீதிச் சம்பளத்தை எஞ்சிய ஆண்டுகளின் இரு மடங்கும் ஒன்றும் என்று நீட்டிப்பது ஸ்ட்ரெட்ச். இரண்டு ஆண்டு பாக்கி என்றால் ஐந்து ஆண்டு. 2025இல் மில்வாக்கி டேமியன் லில்லார்டின் சுமார் 11.3 கோடியை நீட்டித்து, மைல்ஸ் டர்னருக்கு இடம் செய்தது. ஆண்டுக்குச் சுமார் 2.25 கோடி, ஐந்து ஆண்டுக்கு, களத்தில் இல்லாத ஒருவருக்கு. சன்ஸ் பீலுக்காக ஆண்டுக்குச் சுமார் 1.94 கோடி சுமக்கிறது. படி 4இல் சொன்ன நடுத்தர ஒப்பந்தம் ஒன்றின் இடத்தை இது முழுசாகத் தின்றுவிடும். நட்சத்திரம் அணியை விட்டுப் போகும் ஆபத்து கண்முன் நின்றாலன்றி இதைத் தொடாதீர்கள்.

படி 10: சீசன் நாட்காட்டி

கோடையில் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலானோரை டிசம்பர் 15க்குப் பிறகுதான் ட்ரேடு செய்யலாம், சிலரை ஜனவரி 15க்குப் பிறகு. ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தம் போடலாம். ஜனவரி 10 அன்று உத்தரவாதமில்லாத ஒப்பந்தங்கள் உறுதியாகும், எனவே ஜனவரி 7க்குள் முடிவெடுங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் ட்ரேடு கெடு.

ஆடம்பர வரி, வழக்கமான சீசனின் கடைசி நாளில் புத்தகத்தில் இருக்கும் சம்பளத்துக்குத்தான். அக்டோபரில் 40 லட்சம் மேலே இருந்தால் பதற்றம் வேண்டாம், கெடுவுக்கு முன் ஆடாத ஒருவரை இரண்டாம் சுற்று உரிமையோடு அனுப்பினால் இறங்கிவிடலாம். 2025-26 முதல், கோட்டைத் தாண்டிய முதல் அடுக்கில் டாலருக்கு ஒரு டாலர் வரி. முந்தைய நான்கில் மூன்று ஆண்டு கட்டிய அணிக்கு மூன்று டாலர். 2025 கோடையில் பாஸ்டன் ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் அனுப்பியதற்கு ஜேசன் டேட்டமின் காயம் ஒரு காரணம், இந்த வரியும் இரண்டாம் ஏப்ரனும் மற்றவை.

மார்ச் 1க்குள் வேறோர் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்தான் உங்களுக்காக பிளேஆஃபில் ஆட முடியும். பதினைந்தாவது இருக்கையை அதுவரை காலியாக வைத்திருப்பது நல்லது. மார்ச் 1 கடந்தும் யாரும் வரவில்லையென்றால், உங்கள் டூ-வே வீரர்களில் பிளேஆஃபில் பத்து நிமிடம் நம்பி இறக்கக்கூடியவர் யார் என்று பாருங்கள். டூ-வே ஒப்பந்தத்தில் இருக்கும்வரை அவர் பிளேஆஃபில் ஆட முடியாது. வழக்கமான சீசன் முடிவதற்குள் அவரைச் சாதாரண ஒப்பந்தத்துக்கு மாற்றுங்கள். மீதி நாட்களுக்கு மட்டுமே சம்பளம் ஏறும் என்பதால் ஏப்ரலில் அதற்குச் சில ஆயிரம் டாலர்களே ஆகும். தொடக்கத்தில் கீழே விட்டு வைத்த அந்த 23 லட்ச இடைவெளியில் மிச்சம் இருந்தால் இது தாராளமாக அடங்கும்.